கத்தாமல் வேலை வாங்குவது எப்படி? மலைநாட்டுச் சின்ன முதலாளிகளுக்குக் கொஞ்சம் உளவியல்

காலையில் தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், மேற்பார்வை பார்க்கிற கங்காணி போடும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வந்ததும் நம் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சத்தம்தான். இலங்கை மலைநாட்டில் ஹட்டன் டவுனில் நான் ஒரு தையல் நிலையம் நடத்துகிறேன். பதினொரு பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பாடசாலைச் சீருடை, இடையில் கடைக்காரர்களுக்கு ஏப்ரன். முதல் இரண்டு வருடம் நானும் கத்தித்தான் பார்த்தேன். கத்தின அரை மணி நேரத்துக்கு மெஷின் சத்தம் கூடும், அது உண்மை. அப்புறம் ஊசி உடையும், காலர் கோணும், மறுநாள் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

கடை, பேக்கரி, கராஜ், தோட்டத்தில் சுப்பவைசர் வேலை என்று ஐந்திலிருந்து ஐம்பது பேர் வரை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கம்பனிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே சம்பளத்துக்கு ஆள் உண்டு. நமக்கு நாம்தான்.

மனசைத் தொடுவதற்கு முன் கதிரையைப் பாருங்கள்

ஒருவருடைய வேலை குறைகிறதென்றால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? செய்ய முடிகிற நிலையில் இருக்கிறாரா? செய்ய மனம் இருக்கிறதா? கேட்கவேண்டியது இதே வரிசையில். நாம் எல்லாரும் தலைகீழாகக் கேட்கிறோம். "அவளுக்கு வேலையில மனசில்லை, போன்லயே கிடக்கிறாள்" என்று தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் விசாரணையே ஆரம்பிக்கிறோம். உளவியலாளர் லீ ராஸ் 1977இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: அடிப்படைப் பண்பேற்றப் பிழை. பெயர் பெரிது, விஷயம் சின்னது. அடுத்தவர் பிந்தி வந்தால் அது அவருடைய குணம், நாம் பிந்தி வந்தால் அது பஸ்ஸின் குற்றம்.

என்னிடம் காலர் தைக்கிற பிள்ளை ஒருத்தி மத்தியானம் மூன்று மணிக்குப் பிறகு பாதி வேகத்துக்கு இறங்கிவிடுவாள். சோம்பல் என்றுதான் நினைத்தேன், இரண்டு தடவை சொல்லியும் காட்டினேன். ஒரு நாள் அவள் வராதபோது அவசர ஓர்டர் ஒன்றுக்காக அவள் மெஷினில் நானே உட்காரவேண்டி வந்தது. மழைக்காலத்தில் நம் பக்கம் மூன்று மணிக்கே பனி மூடி இருட்டிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். டியூப் லைட் இருந்தது அந்தக் கதிரைக்குப் பின்னால். அந்தப் பிள்ளை மாதக்கணக்காகத் தன் நிழலுக்குள்ளேயே வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். லைட்டை இரண்டடி முன்னால் தள்ளிப் பொருத்தினேன். அவள் மனசில் நான் திருத்துவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

ஆகவே முதல் வேலை இதுதான்: யாரைப் பற்றி உங்களுக்குக் குறை இருக்கிறதோ அவருடைய இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யுங்கள். பேக்கரி என்றால் அடுப்பு முன்னால், கராஜ் என்றால் வாகனத்துக்கு அடியில். முடியாவிட்டால் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டாவது கஷ்டமானது.

தராசு செய்கிற வேலை

என் அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். சாயங்காலம் இடுப்பில் கட்டின படங்கை அவிழ்க்கும்போதே "இன்னைக்கு இருபத்திரண்டு கிலோ" என்பார், சில நாள் பதினைந்தோடு முகம் தொங்கும். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு முள் நிற்கிற இடத்தை அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார். தோட்ட வாழ்க்கையில் குறை சொல்ல ஆயிரம் இருந்தாலும், செய்த வேலையின் அளவு அன்றைக்கே, செய்தவர் கண் முன்னாலேயே தெரிந்துவிடுகிற அந்த ஒரு விஷயத்தை நான் உளவியல் படித்தபிறகுதான் மதிக்கக் கற்றேன். (நிறையில் கழிப்பதைப் பற்றிய சண்டை வேறு. அதை எழுத ஆரம்பித்தால் நிற்காது.)

எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல வருடமாக ஆராய்ந்து சொன்னது இது: "உங்களால முடிஞ்சதைச் செய்யுங்க" என்பதைவிட, தெளிவான, கொஞ்சம் கஷ்டமான ஓர் எண் ஆட்களை நன்றாக வேலை செய்ய வைக்கிறது. 1975இல் லேதம் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் மரம் ஏற்றும் லொறிகள் சட்டம் அனுமதித்த பாரத்தில் சுமார் 60 சதவீதம் மட்டுமே ஏற்றிக்கொண்டு ஓடின. சாரதிகளிடம் 94 சதவீதம் என்று ஓர் இலக்கைச் சொன்னார்கள். பரிசும் கிடையாது, எடுக்காவிட்டால் தண்டனையும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். சில மாதங்களில் பாரம் 90 சதவீதம் அளவுக்கு ஏறி அங்கேயே நின்றது.

இதை நாம் எப்படிச் செய்வது? ஆளுக்கு ஒரு கார்ட், பழைய கலண்டர் அட்டையே போதும். ஒருவருடைய கடைசி இரண்டு வார சராசரியை எடுங்கள். அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள், "அக்கா, ஒரு நாளைக்கு ஐம்பத்தெட்டு வருது, அடுத்த மாசம் எத்தனை முடியும்னு நீங்களே சொல்லுங்க." பெரும்பாலானவர்கள் நீங்கள் மனசுக்குள் வைத்திருந்த எண்ணைவிடக் கூடவே சொல்வார்கள், அப்போது குறைத்துவிடவேண்டியது உங்கள் பொறுப்பு. கார்டை அவர்தான் எழுதவேண்டும், மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை. செக்கிங்கில் பாஸ் ஆனதை மட்டும் எண்ணவேண்டும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் எண்ணிக்கை ஏறித் தரம் இறங்கிவிடும். எல்லாருடைய எண்ணையும் சுவரில் ஒட்டாதீர்கள். நான் ஒட்டினேன். கடைசிப் பெயர் யாருடையதோ அவர் மூன்றாம் நாள் வேலைக்கு வரவில்லை, முதல் பெயருக்குரியவரிடம் மற்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

புதிதாக வந்தவருக்கு எண் கொடுக்கவேண்டாம். இன்னும் கைவராத வேலைக்கு டார்கெட் கொடுத்தால் பதட்டம்தான் மிஞ்சும். அவருக்கு "இந்தக் கிழமை பட்டன் ஓட்டை மட்டும் சரியா வரட்டும்" என்பது மாதிரிக் கற்கவேண்டியதைத்தான் இலக்காக வைக்கவேண்டும்.

இனி, தோட்டத்திலிருந்து நாம் எடுத்துவரக் கூடாத இரண்டு விஷயம். ஒன்று அரைப்பேர். நோர்ம், அதாவது ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவு, வராவிட்டால் அரை நாள் சம்பளம் என்றிருக்கும் இடத்தில், பின்னேரம் இரண்டு மணிக்குக் கூடையைப் பார்த்து "இனி எட்டாது" என்று தெரிந்துவிட்ட ஒருவர் அதற்குமேல் ஏன் கையை ஓட்டவேண்டும்? எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்கிற டார்கெட், எட்ட முடியாது என்று தெரிந்த நிமிடத்தில் செத்துவிடுகிறது. படிப்படியாக வையுங்கள், 60க்கு இவ்வளவு, 65க்கு இவ்வளவு என்று. இரண்டாவது, இதை எத்தனை முதலாளிமார் செய்கிறார்கள் என்று எண்ண முடியாது: ஒருவர் டார்கெட்டை எட்டினதும் டார்கெட்டை உயர்த்துவது. சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஹாதோர்ன் என்ற தொழிற்சாலையில் 1931-32இல் 14 ஆண்கள் வேலை செய்த ஓர் அறையைக் கவனித்தார்கள். அவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று பேசி வைத்துக்கொண்டு, அதைத் தாண்டுகிறவனைக் கேலி செய்து அடக்கினார்கள். கூடச் செய்தால் அடுத்த மாதம் அதுவே நோர்ம் ஆகிவிடும் என்ற பயமும் அதில் ஒரு காரணம். எந்த மலையில் கேட்டாலும் நம் பெண்களும் இதையேதான் சொல்வார்கள். அதனால் டார்கெட் வைக்கும்போதே "ஆறு மாசத்துக்கு இதில் கை வைக்க மாட்டேன்" என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள், அப்புறம் கை வைக்காமலும் இருங்கள்.

காசு, அபராதம், கடன்

பிந்தி வருகிறவர்களுக்கு நான் ஒரு காலத்தில் 50 ரூபா அபராதம் போட்டேன். முன்பெல்லாம் பிந்தினால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வருவார்கள். அபராதம் வந்தபிறகு நேரே என் மேசைக்கு வந்து காசை வைத்துவிட்டு, "கட்டியாச்சுதானே அக்கா" என்று சாவகாசமாக மெஷினுக்குப் போனார்கள். பிறகுதான் 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில், பிள்ளையைப் பிந்திக் கூட்டிப்போகும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். பிந்துகிறவர்கள் கூடினார்கள். அபராதத்தை எடுத்தபிறகும் குறையவில்லை. வெட்கம் இருந்த இடத்தில் விலை வந்து உட்கார்ந்துகொண்டால் வெட்கம் திரும்பி வராது. நான் அபராதத்தை நிறுத்திவிட்டு யார் யார் எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று கேட்டேன். நாலு பேர் ஒரே பஸ். அது வந்து நிற்பதே எட்டு ஐந்துக்கு. வேலை தொடங்கும் நேரத்தை எட்டேகாலுக்கு மாற்றினேன், பின்னேரம் கால் மணி நேரம் தள்ளினேன். நாலு பேருடைய 'குணம்' ஒரே நாளில் திருந்திவிட்டது.

கொடுத்ததைத் திருப்பி எடுப்பதைப் பற்றியும் ஒன்று. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் 500, வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்கு 30, மொத்தம் 730 ரூபா. 2019இல் அடிப்படை 700 ஆனது, விலைப் பங்கு 50, ஆனால் வரவுக் காசும் உற்பத்தித்திறன் காசும் போய்விட்டன. மொத்தம் 750. கணக்குப்படி கூடியிருக்கிறது, அடிப்படை கூடினதால் ஊழியர் சேமலாப நிதிக்கும் (ஈ.பி.எஃப்.) நல்லதுதான். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பேசப்பட்டது எது? பறிபோன 200 ரூபா. உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதியது இதைத்தான்: கிடைத்த நூறு தருகிற சந்தோஷத்தைவிட இழந்த நூறு தருகிற வலி பெரிது. போனஸ் கொடுக்கிறீர்களா, முதல் நாளே "இது டிசம்பர் வரைக்கும்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒரு வருடம் கொடுத்துவிட்டு நிறுத்தினால் அது போனஸ் நிறுத்தம் இல்லை, உங்கள் ஆட்களுடைய கணக்கில் சம்பளக் குறைப்பு.

குறைக்கவேண்டிய நிலைமையே வந்தால்? ஜெரால்ட் கிரீன்பர்க் 1990இல் எழுதிய ஆய்வு இருக்கிறது. ஒரு கம்பனி பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டியது. ஒரு தொழிற்சாலையில் ஏன் என்று கணக்குக் காட்டி, வருத்தம் சொல்லி, கேள்விகளுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். இன்னொன்றில் பேருக்கு நாலு வார்த்தை. இரண்டாவது இடத்தில் பொருள் களவு மிகவும் கூடியது. சம்பள நாளில் கணக்கு எழுதின சம்பளத் துண்டு கொடுக்காத முதலாளிமார் இதை இரண்டு தடவை வாசிக்கவேண்டும். அவர் சம்பளத்திலிருந்து ஈ.பி.எஃப்.க்கு 8 சதவீதம் பிடித்தது, நீங்கள் போட்ட 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) 3 சதவீதம், எல்லாம் துண்டில் தெரியட்டும். பிடித்த காசு போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகத்தோடு மெஷினில் உட்காருகிறவரிடம் என்ன உற்சாகத்தை எதிர்பார்ப்பது?

இப்போது எனக்கு இதில் முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நேரத்தில் ஒரு தடவையும், அறுவடைக் காசு வந்தபின் ஒரு தடவையும் சோதித்தார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் காசில்லாத நேரத்தில் சிந்தனைத் தேர்வுகளில் அவர்கள் செய்தது கணிசமாகக் குறைவு. அடுத்தது ஒடிசாவில், சாப்பாட்டுத் தட்டாகப் பயன்படும் தையல் இலை தைத்து எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்களிடம் நடந்தது. சிலருக்குச் சேர்ந்திருந்த கூலியை முன்கூட்டியே கொடுத்தார்கள். காசு கைக்கு வந்த பிறகு அவர்கள் வேலை சுமார் 7 சதவீதம் கூடியது, கவனப் பிழைகளும் குறைந்தன. கூலி வீதம் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே காசு, சில நாள் முன்னால், அவ்வளவுதான்.

நம் பெண்களில் எத்தனை பேருக்கு நுண்கடன் இருக்கிறது என்று பாருங்கள். தவணை வசூலிக்க ஆள் வருகிற நாளுக்கு முதல் நாளே கை ஓடாது. என் இடத்தில் செவ்வாய்க்கிழமை வரும் சேதம்தான் அதிகம் என்பதை வெறும் கார்டுகளைப் புரட்டித்தான் கண்டுபிடித்தேன். செய்தது இரண்டு. மாதச் சம்பளத்தை இரண்டாகப் பிரித்து 10ஆம் திகதியும் 25ஆம் திகதியும் கொடுத்தேன். முற்பணத்துக்கு ஒரு சட்டம் வைத்தேன்: செய்து முடித்த நாட்களுக்குரிய காசில் பாதி வரை, காரணம் கேட்காமல், கேட்ட அன்றே. முன்பு முற்பணம் கேட்க வருகிறவர் இரண்டு நாள் என் முகத்தைப் படித்து, நல்ல நேரம் பார்த்து, பிள்ளைக்குச் சுகமில்லை என்று கதை சொல்லித்தான் கேட்பார். அந்த இரண்டு நாள் வேலையும் எனக்குத்தான் நட்டம். ஜனவரியில் பாடசாலைச் செலவு, ஒக்டோபர், நவம்பரில் தீபாவளி, இந்த இரண்டையும் முன்கூட்டியே திட்டமிட்டு வையுங்கள்.

பிழை வெளியே வரட்டும்

ஏமி எட்மண்ட்சன் என்பவர் ஆஸ்பத்திரிகளில் மருந்துப் பிழைகளை ஆராயப் போனார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகள் அங்கேதான் கூட. பிழை அதிகம் செய்ததால் அல்ல, ஒளிக்காமல் சொன்னதால். நம் இடங்களில் பிழையை ஒளிக்கிற கலை நன்றாக வளர்ந்திருக்கிறது. கோணல் காலரைக் கட்டுக்கு நடுவில் செருகி வைப்பது, உடைந்த ஊசியைச் சன்னலுக்கு வெளியே போடுவது.

ஒரு தடவை பன்னிரண்டு சட்டைக்குக் கை மாறித் தைத்திருந்தார் எங்கள் மூத்த தையல்காரி. அவர் வந்து சொன்னபோது எனக்கு ஏறின கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"எந்த இடத்துல மாறிச்சு அக்கா?"

"கட்டிங்ல இருந்து வரக்குள்ளயே இடதும் வலதும் கலந்துதான் வந்துச்சு மிஸ். நான் பாத்திருக்கணும்."

"சரி. அடுத்த தடவை கலக்காம இருக்க என்ன செய்யலாம்?"

அவர்தான் சொன்னார், இடது கைத் துண்டுகளுக்குச் சிவப்பு நூல் முடிச்சு என்று. இன்றுவரை அதுதான் வழக்கம். 'யார்' என்று ஆரம்பிக்காமல் 'எங்கே' என்று ஆரம்பிப்பதுதான் இதில் இருக்கிற முழு நுட்பமும். முதல் பிழையைச் சொன்னவருக்கு என்ன நடக்கிறது என்று மற்றப் பத்துப் பேரும் தலையைத் தூக்காமலே கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கூட்டமாக வேலை கொடுத்தால் ஆளுக்கு ஆள் குறையும். பிரெஞ்சுக்காரர் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட கயிறு இழுப்புக் கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியே இழுக்கும் பலத்தில் பாதியளவுதான் போட்டார்கள். பொதுவான பொதி கட்டும் வேலை இருந்தால் மூன்று மூன்று பேராகப் பிரித்து, எந்தப் பொதி யாருடையது என்று சோக்கட்டியால் ஒரு குறி போட்டுவிடுங்கள்.

தூக்கம். சென்னையில் கணினியில் தரவு பதிகிற 452 பேரை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. இரவில் கொஞ்சம் கூடத் தூங்க உதவி செய்தும் வேலை கூடவில்லை, மத்தியானம் வேலையிடத்திலேயே அரை மணி நேரம் தூங்கவிட்டபோது வேலைத்திறன் கூடியது. அந்த அரை மணி வேலை நேரத்திலிருந்து போகிறது என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். நான் மத்தியான இடைவேளையில் கால் மணி கூட்டி, துணிக்கட்டு அடுக்குகிற அறையில் இரண்டு பாய் போட்டேன். எல்லாரும் படுப்பதில்லை. விடிய நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைக்குச் சோறு கட்டிவிட்டு வருகிற இரண்டு பேர் படுக்கிறார்கள், எனக்கு அந்த இரண்டு பேர் போதும்.

செய்த வேலை யாருக்குப் போகிறது என்று காட்டுங்கள். ஆதம் கிராண்ட் 2007இல் எழுதிய ஆய்வில், பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை கேட்கிறவர்களை, அந்தக் காசில் படிக்கும் மாணவர் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசவிட்டார்கள். ஒரு மாதம் கழித்தும் அவர்கள் தொலைபேசியில் பேசிய நேரம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஜனவரியில் முதலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் நாங்கள் தைத்த வெள்ளைச் சட்டையோடு நிற்கிற படங்களைத் தாய்மாரிடம் கேட்டு வாங்கி எங்கள் வட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். "காலர் நான் தைச்சது" என்று யாராவது ஒருவர் கட்டாயம் எழுதுவார்.

இதில் எதைச் செய்தாலும் முதல் இரண்டு வாரம் வேலை கூடத்தான் செய்யும், அதை நம்பாதீர்கள். ஹாதோர்னில் 1924இல் தொடங்கிய வெளிச்சப் பரிசோதனைகளைப் பற்றிச் சொல்வார்கள், விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது என்று. பிற்காலத்தில் அந்தத் தரவுகளை மறுபடி பார்த்தவர்கள் கதை அவ்வளவு சுத்தமானதல்ல என்றார்கள். ஆனாலும் முதலாளி திடீரென்று கவனிக்க ஆரம்பித்தால் யாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், கார்டில் இரண்டு மாதம் பாருங்கள், அப்புறம் அடுத்தது.

போன வருடம் என்னிடம் இருந்தவர்களில் வேகமான பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டாள். காரணம் கேட்டேன். இங்கே குறையென்று ஒன்றும் இல்லை அக்கா, அங்கே சம்பளம் கூட, தம்பியையும் படிக்க வைக்கணும் என்றாள். என்னால் அந்தச் சம்பளம் கொடுக்க முடியாது, பாயும் கார்டும் அதற்கு ஈடாகாது. கணக்கு முடித்து, சேவைக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவள் மெஷினில் இப்போது புதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், இந்தக் கிழமை அவளுக்குப் பட்டன் ஓட்டை.